நேராகப் பறப்பதா, வழியில் இறங்கி மாறுவதா?

இரண்டு விமான நிலையங்களின் பெயரை இணையத்தில் போட்டுத் தேடினால் முதலில் வந்து நிற்பது கிலோமீட்டர் கணக்கு. பக்கத்திலேயே பறக்கும் நேரம் என்று இன்னொரு எண். இந்த இரண்டையும் பார்த்துவிட்டே எந்த டிக்கெட் வாங்குவது என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்தக் கிலோமீட்டர் எண் உருப்படியாக உதவுவது ஒரே ஒரு வேலைக்குத்தான்: வழியில் இறங்கி மாறும் பயணம் எவ்வளவு சுற்று என்று அளந்து பார்க்க. மற்றபடி, பயணத்தில் நேரத்தை இழப்பதும் மிச்சம் பிடிப்பதும் பெரும்பாலும் தரையில்தான் நடக்கிறது, வானத்தில் அல்ல.

அந்த எண் எப்படி வருகிறது என்று பார்த்துவிடுவோம். பூமியை உருண்டையாக எடுத்துக்கொண்டு, அதன் மேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வளைவை அளக்கிறார்கள். பெருவட்டத் தூரம் என்று பெயர். தட்டையான வரைபடத்தில் லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது அட்லாண்டிக் கடலின் நடுவே போகும். விமானம் போவதோ கிரீன்லாந்துப் பக்கம். சுற்றிப் போவதுபோலத் தெரிந்தாலும் அதுதான் குறுக்குவழி.

இதை நேரமாக மாற்ற எளிய கணக்கு ஒன்று உண்டு. கிலோமீட்டரை 850-ஆல் வகுத்து, அரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த அரை மணி, மேலே ஏறுவதற்கும் கீழே இறங்குவதற்கும் தரையில் உருள்வதற்கும். பெர்த்திலிருந்து லண்டன் சுமார் 14,500 கிலோமீட்டர். கணக்குப்படி ஏறக்குறைய பதினேழரை மணி நேரம் வருகிறது. 2018 மார்ச்சில் குவான்டாஸ் தொடங்கிய நேர் விமானம் எடுத்துக்கொள்வதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பெரிய ஜெட் விமானங்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே வேலை செய்கிறது. புரொப்பல்லர் வைத்த ஏடிஆர் போன்ற சின்ன விமானங்களுக்கு 850-க்குப் பதில் 500 போட வேண்டும்.

ஆனால் இரண்டு விஷயங்கள் இந்தக் கணக்கின் காலை வாரிவிடும். முதலாவது காற்று. ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் ஸ்ட்ரீம் காற்று, குளிர்காலத்தில் இன்னும் பலமாக இருக்கும். லண்டன் ஹீத்ரோவுக்கும் நியூயார்க் ஜேஎஃப்கேவுக்கும் நடுவே சுமார் 5,540 கிலோமீட்டர். நியூயார்க்கிலிருந்து லண்டன் வருவது ஏறத்தாழ ஏழு மணி நேரத்தில் முடிந்துவிடும். திரும்பிப் போகும்போது எட்டு மணி நேரத்தைத் தொடும். 2020 பிப்ரவரியில் கியாரா புயல் வீசியபோது ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747, நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. எந்தப் பக்கம் போனாலும் தூரம் ஒன்றுதான். நேரம் மட்டும் மாறுகிறது.

இரண்டாவது வான்வெளி அனுமதி. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ சுமார் 7,800 கிலோமீட்டர். ரஷ்யாவின் மேலே பறந்த காலத்தில் ஃபின்ஏர் விமானம் ஒன்பது, ஒன்பதரை மணி நேரத்தில் போய்விடும். 2022-ல் அந்த வான்வெளி மூடப்பட்ட பிறகு வட துருவத்துப் பக்கமாகவோ தெற்கே சுற்றியோ போக வேண்டியதாகி, பயணம் சுமார் 13 மணி நேரமாக நீண்டது. தூரம் கணக்கிடும் கருவியில் இன்றைக்குப் போட்டாலும் அதே 7,800தான் வரும். அந்தக் கருவிக்கு அரசியல் தெரியாது.

ஆகவே நேரத்துக்கு விமான நிறுவனத்தின் அட்டவணையைப் பார்ப்பதே சரி. அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அட்டவணை சொல்வது பறக்கும் நேரத்தை அல்ல, புறப்படும் இடத்தில் விமானம் வாயிலை விட்டு நகர்வதிலிருந்து, போய்ச் சேருமிடத்தில் வாயிலில் நிற்பது வரையிலான மொத்த நேரத்தை. ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல் நிலையத்தில் போல்டர்பான் என்ற ஓடுபாதை முனையத்திலிருந்து வெகு தூரம். இறங்கிய பிறகு கால் மணி நேரம் உருண்டுதான் வாயிலுக்கு வர வேண்டியிருக்கும். இதையெல்லாம் சேர்த்து, தாமதத்துக்கும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் அட்டவணை போடுகிறார்கள். விமானம் அரை மணி தாமதமாகக் கிளம்பியும் சரியான நேரத்துக்கு வந்து நிற்பதன் ரகசியம் இதுதான். அப்புறம், புறப்பாடு, வருகை இரண்டுமே அந்தந்த ஊர் நேரத்தில் எழுதப்பட்டிருக்கும். டோக்கியோவில் மாலை ஏறினால் அதே தேதி காலையில் லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கலாம். ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்காமல், மொத்தப் பயண நேரம் என்று தனியே போட்டிருப்பதைப் பாருங்கள்.

நேர் விமானமும் ஒரு நிறுத்தமும்

ஒரே நிறுவனம், அதே இரண்டு விமான நிலையங்கள், இரண்டு வழிகள். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது: சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே. தூரம் சுமார் 15,350 கிலோமீட்டர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2020 நவம்பரிலிருந்து நேராகப் பறக்கிறது. பதினெட்டே முக்கால் மணி நேரத்தை ஒட்டி ஆகும். அதே நிறுவனத்தின் இன்னொரு விமானம் பிராங்க்பர்ட்டில் இறங்கி ஏறிப் போகிறது. அந்த வழியில் தூரம் சுமார் 16,470 கிலோமீட்டர். கூடுதல் 1,100 சொச்சம். நம் கணக்குப்படி இது ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சமம். ஆனால் மொத்தப் பயணம் 23 மணி நேரத்தை ஒட்டிப் போகிறது, அதாவது நான்கு மணி நேரத்துக்கு மேல் அதிகம்.

மிச்சமுள்ள மூன்று மணி நேரம் எங்கே போனது? பிராங்க்பர்ட் தரையில் நிற்கும் நேரம் ஒன்று. கூடுதலாக ஒருமுறை இறங்கி, உருண்டு, மறுபடி ஏறும் நேரம் ஒன்று. மூன்றாவது, காற்று. நேராகப் போகும் விமானம் பெரும்பாலும் பசிபிக் பக்கமாகக் கிழக்கே போய், பின்னாலிருந்து தள்ளும் காற்றைப் பிடித்துக்கொள்கிறது. பிராங்க்பர்ட் வழியாகப் போவது மேற்கு நோக்கி, எதிர்காற்றில். தூரத்தை மட்டும் பார்த்தவருக்கு இதில் எதுவுமே தெரிந்திருக்காது.

சரி, அப்படியானால் நேர் விமானம்தானே நல்லது? நான்கு மணி நேரம் மிச்சம் என்பது பெரிய விஷயம்தான். ஆனால் அந்த நேர் விமானத்தில் எகானமி வகுப்பே கிடையாது. ஏ350-900 யுஎல்ஆர் என்ற அந்த ரகத்தில் பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94, ஆக மொத்தம் 161 இருக்கைகள்தான். அவ்வளவு தூரத்துக்கு எரிபொருளைச் சுமக்க வேண்டுமென்றால் ஆட்களைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். ஆகவே சாதாரண வகுப்பில் போகிறவருக்கு இந்த ஒப்பீடே இல்லை. அவர் எங்காவது இறங்கித்தான் போக வேண்டும்.

காசு இடம் கொடுத்தாலும் எல்லாருக்கும் நேர் விமானத்தை நான் சொல்ல மாட்டேன். நான்கு மணி நேரம் அல்லது அதற்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் இரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு அந்த அபாயம் மிகச் சிறியது, இரட்டித்தாலும் சிறியதுதான். ஆனால் ஏற்கெனவே அந்தத் தொந்தரவு இருந்தவர், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், கர்ப்பிணி ஆகியோர் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்வது நல்லது. இன்னொரு பக்கம், முழங்கால் வலியோடு இருக்கும் வயதானவருக்குப் பதினைந்து மணி நேரம் உட்காருவதைவிட, முன்பின் தெரியாத விமான நிலையத்தில் ஒரு முனையத்திலிருந்து இன்னொன்றுக்கு நடப்பதுதான் பெரிய பாடு. அவருக்கு நேர் விமானமே மேல். மாறித்தான் ஆக வேண்டுமென்றால் புக்கிங் செய்யும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள்; மாறும் நிலையத்தில் ஊழியர் ஒருவர் வாயில் வரை கூட்டிக்கொண்டு போவார். பலர் தயக்கத்தில் இதைக் கேட்பதே இல்லை.

எட்டு மணி நேரத்துக்குள் முடிகிற பயணம் என்றால் யோசிக்கவே வேண்டாம், நேர் விமானம்தான். ஐந்து மணி நேரப் பயணத்தில் ஒரு நிறுத்தம் வைத்தால் அது சுலபமாகப் பத்து மணி நேரமாகிவிடும். பதினாறு மணி நேரப் பயணத்தில் அதே நிறுத்தம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் கூட்டும். தூரம் ஏற ஏற நிறுத்தத்தின் வலி குறைகிறது.

எங்கே மாறுவது?

கிலோமீட்டர் எண்ணுக்கு உண்மையான வேலை வருவது இங்கேதான். லண்டனிலிருந்து சிட்னி பெருவட்டத் தூரம் சுமார் 17,000 கிலோமீட்டர். சிங்கப்பூரில் மாறினால் இரண்டு துண்டும் சேர்ந்து சுமார் 17,200. துபாயில் மாறினால் 17,550. லாஸ் ஏஞ்சல்ஸில் மாறினால் 20,800. முதல் இரண்டும் நேர்கோட்டில் கிடக்கும் ஊர்கள் என்றே சொல்லலாம். மூன்றாவது நாலரை மணி நேரச் சுற்று. அதோடு, அமெரிக்காவில் வழிப்பயணிகளுக்கென்று தனி வழி கிடையாது. வேறு நாட்டுக்குப் போகிறவரும் குடியேற்றச் சோதனை வரிசையில் நின்றாக வேண்டும், அதற்கான விசாவோ முன் அனுமதியோ வைத்திருக்க வேண்டும். தூரம் கணக்கிடும் கருவியைத் திறந்து இப்படி இரண்டு துண்டையும் கூட்டிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். பத்து சதவீதத்துக்கு மேல் சுற்று என்றால் அந்த வழியை ஒதுக்க நான் தயங்குவதில்லை.

ஆனால் சிங்கப்பூரா துபாயா என்று கேட்டால் கிலோமீட்டர் மறுபடி வாயை மூடிக்கொள்கிறது. வித்தியாசம் 350 கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம். ஒன்றில் காத்திருப்பு ஒன்றரை மணி, மற்றதில் நான்கு மணி என்றால் அதுதான் முடிவைத் தீர்மானிக்கும். ஒரு மணி நேரக் காத்திருப்பு என்பது 850 கிலோமீட்டர் சுற்றுக்குச் சமம் என்று மனதில் வைத்துக்கொண்டால் இந்த ஒப்பீடு சட்டென்று முடிந்துவிடும்.

துண்டுகளின் நீளத்தையும் பாருங்கள். சிங்கப்பூர் வழியில் முதல் துண்டு நீளம், இரண்டாவது குட்டை. துபாய் வழியில் முதல் துண்டு ஏழு மணி நேரம், அடுத்தது பதினான்கு. ஏழு மணி நேர இரவு விமானம் தூங்குவதற்கு லாயக்கில்லை. ஏறிச் சாப்பாடு முடிந்து விளக்கை அணைக்க இரண்டு மணி நேரம், இறங்குவதற்கு முன் எழுப்பிவிட ஒரு மணி நேரம். நடுவே எஞ்சுவது நாலு மணி நேரத் தூக்கம், அதுவும் அரைகுறையாக. பதினான்கு மணி நேரத் துண்டு இரவில் வருகிறதா, பகலில் வருகிறதா என்பதுதான் போய் இறங்கும்போது நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்பதைத் தீர்மானிக்கும்.

காத்திருப்பு எவ்வளவு இருந்தால் போதும்? ஒவ்வொரு நிலையத்துக்கும் குறைந்தபட்ச மாறும் நேரம் என்று ஒன்று நிர்ணயித்திருக்கிறார்கள். அதற்குக் கீழே ஒரே டிக்கெட்டில் விற்க மாட்டார்கள். எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வியன்னாவில் சில கனெக்ஷன்களுக்கு 25 நிமிடமே போதும் என்கிறார்கள். முனையங்கள் சிதறிக் கிடக்கும் ஹீத்ரோவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். ஆனால் குறைந்தபட்சம் என்பது எல்லாம் ஒழுங்காக நடந்தால் மட்டும் போதுமான நேரம். விமானத் துறையில் 15 நிமிடத் தாமதத்துக்குள் வருவதெல்லாம் ‘சரியான நேரத்துக்கு வந்தது’ என்றே கணக்கில் சேரும். நாற்பது நிமிட கனெக்ஷனில் அந்தப் பதினைந்து நிமிடம் போனால் மிச்சம் என்ன என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நீண்ட பயணத்துக்கு இரண்டு மணி நேரத்தைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். நாலு மணி நேரம் வீண்.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது, பலரும் கேட்பதில்லை: கனெக்ஷன் தவறினால் அடுத்த விமானம் எப்போது? மாறும் ஊரிலிருந்து நீங்கள் போகவேண்டிய இடத்துக்கு நாளைக்கு நான்கு விமானங்கள் இருந்தால் ஆறு மணி நேரத்தில் மீண்டுவிடலாம். ஒரே விமானம் என்றால் ஒரு நாள் போச்சு. அந்த நாளின் கடைசி விமானத்துக்கு மாறும்படி டிக்கெட் எடுப்பதும் அதே ஆபத்துதான். சில நிலையங்களில் இரவுத் தடை வேறு உண்டு. சிட்னியில் இரவு 11 முதல் காலை 6 வரை, பிராங்க்பர்ட்டில் 11 முதல் 5 வரை. பதினொன்றுக்குச் சற்று முன் கிளம்ப வேண்டிய விமானம் கொஞ்சம் தாமதமானால், அது கிளம்புவது அடுத்த நாள் காலையாகிவிடலாம்.

நடுவில் நின்றாலும் இறங்கி மாற வேண்டாத பயணங்கள் தனி வகை. மேலே சொன்ன பிராங்க்பர்ட் விமானம் அப்படித்தான்: எண் ஒன்றே, பெட்டி கடைசி ஊரில்தான் கைக்கு வரும், கனெக்ஷனைத் தவறவிடும் கவலை இல்லை. காலை நீட்டி நடக்கவும் கொஞ்ச நேரம் கிடைக்கும். ‘டைரக்ட்’ என்று விற்கப்படும் டிக்கெட் இந்த ரகமாகவும் இருக்கலாம் என்பதால், நிறுத்தங்கள் என்ற கட்டத்தில் சுழியம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே வாங்குங்கள்.

இரண்டு தனி டிக்கெட்டுகள்

விலை குறைவாக இருக்கிறது என்று ஒரு நிறுவனத்தில் முதல் துண்டும் இன்னொரு நிறுவனத்தில் இரண்டாவது துண்டும் வாங்கிச் சேர்த்துக்கொள்வது இப்போது சகஜமாகிவிட்டது. சில இணையதளங்களே அப்படிக் கோத்து விற்கின்றன. நேரக் கணக்கில் இது மற்ற கனெக்ஷன்களைப் போலவே தெரியும். அது வெறும் தோற்றம். நடுவூரில் நீங்கள் அந்த நாட்டுக்குள் நுழைந்து, பெட்டியை எடுத்து, வெளியே வந்து, மறுபடி செக்-இன் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அந்த நாட்டு விசா தேவைப்பட்டால் அதுவும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், அந்த நிறுவனத்துக்கு நீங்கள் வராமல் போன ஒரு பயணி, அவ்வளவுதான்.

ஒரே டிக்கெட்டாக இருந்தால் கதை வேறு. அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு அவர்களுடையது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ம் ஆண்டு ஒழுங்குமுறை எண் 261 பொருந்தும் பயணம் என்றால், நிறுவனத்தின் தவறால் கடைசி ஊருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தவருக்கு இழப்பீடும் உண்டு. அதன் தொகை தூரத்தைப் பொறுத்தது. 1,500 கிலோமீட்டர், 3,500 கிலோமீட்டர் என்று படிகள் வைத்திருக்கிறார்கள். கனெக்ஷன் பயணத்தில் எந்தத் தூரத்தை எடுப்பது என்ற வழக்கில், புறப்பட்ட ஊருக்கும் கடைசி ஊருக்கும் நடுவிலான பெருவட்டத் தூரத்தையே எடுக்க வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017-ல் சொல்லிவிட்டது. நீங்கள் எவ்வளவு சுற்றிப் போனீர்கள் என்பது அங்கே கணக்கில் வராது. தனி டிக்கெட்டுகள் எடுத்தவருக்கு இந்தக் கடைசி ஊர்க் கணக்கே கிடையாது.

தனித்தனியாகத்தான் வாங்குவேன் என்றால், நடுவூரில் ஒரு இரவு தங்குவதாகத் திட்டமிடுங்கள். மிச்சம் பிடித்த பணத்தில் பாதி அதற்குப் போகும். அப்போதும் லாபமாக இருந்தால் சரி.

எந்த விமான நிலையம்?

ஒரே ஊருக்கு இரண்டு, மூன்று நிலையங்கள் இருக்கும்போது வான் தூரத்துக்கு அர்த்தமே இல்லை. சிங்கப்பூரிலிருந்து ஜேஎஃப்கேவுக்கும் நியூவார்க்குக்கும் தூர வித்தியாசம் சில கிலோமீட்டர்தான். உலகின் மிக நீளமான விமானப் பாதை என்ற பட்டம் அந்தச் சில கிலோமீட்டரில் கைமாறியது என்பது வேடிக்கை. பயணிக்கு முக்கியம், ஜேஎஃப்கே நியூயார்க் நகரத்தின் கிழக்கே இருக்கிறது, நியூவார்க் ஆற்றைத் தாண்டி இன்னொரு மாநிலத்தில் இருக்கிறது என்பது. டோக்கியோவில் ஹனேடா நகர மையத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர், நரிட்டா அறுபது. பாரிஸ் பெயரைச் சொல்லி விற்கப்படும் போவே நிலையம் ஊரிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர் தள்ளி. ஹனேடாவில் இறங்கி நரிட்டாவில் ஏறும்படி அமைந்த கனெக்ஷன்களும் விற்பனைக்கு வரும். மூன்றெழுத்து நிலையக் குறியீடு இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

தூரம் ஐந்நூறு கிலோமீட்டருக்குள் இருந்தால் விமானமே வேண்டுமா என்று கேட்கலாம். மாட்ரிட்–பார்சிலோனா வானில் சுமார் 480 கிலோமீட்டர். விமானத்துக்கு ஒன்றேகால் மணி நேரம். 2008-ல் முழுப் பாதையும் திறக்கப்பட்ட அதிவேக ரயிலுக்கு இரண்டரை மணி நேரம். விமானத்துக்கு முன்னும் பின்னும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு ரயில்தான் முந்தும். ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போக முடிகிற சில பாதைகளில் உள்நாட்டு விமானங்களையே பிரான்ஸ் 2023-ல் நிறுத்திவிட்டது.

இதற்கு ஒரு விதிவிலக்கு: அந்தக் குறுந்தூரத்தை முடித்துவிட்டு அதே நாளில் நீண்ட விமானம் ஒன்றைப் பிடிக்க வேண்டும் என்றால், ஒரே டிக்கெட்டில் வரும் குட்டி விமானமே பத்திரம். பெட்டி நேரே போய்விடும், தாமதமானால் பொறுப்பும் அவர்களுடையது. பிராங்க்பர்ட் மாதிரி விமான நிலையத்துக்கு அடியிலோ அருகிலோ தொலைதூர ரயில் வந்து நிற்கும் இடங்களில், ரயிலையே விமான எண்ணோடு அதே டிக்கெட்டில் சேர்த்து விற்கிறார்கள். அது கிடைத்தால் ரயிலை எடுங்கள். பெட்டியை மட்டும் நீங்கள்தான் இழுத்துப் போக வேண்டும்.